பத்து கழித்தல் நான்கு கூட்டல் மூன்று

ராசிபுரத்தில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அன்று என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பேருந்து நாமக்கல் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாய் அதுபாட்டுக்கு முணுமுணுத்தது. கூடுதல் என்றால் சம். வித்தியாசம் என்றால் டிஃபரன்ஸ். பெருக்கற்பலன், ப்ராடக்ட். ஈவு, கோஷன்ட். மீதி, ரிமைண்டர். வகுபடும் எண் டிவிடெண்ட், வகுக்கும் எண் டிவைசர். கடைசி இரண்டும் மட்டும் எவ்வளவு சொன்னாலும் வாயில் நிற்கவில்லை. ஒன்றைக் கூப்பிட்டால் மற்றது வந்து நின்றது.

பக்கத்தில் சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்திருந்த ஓர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, மந்தரமுங்களா?"

"இல்லீங்கக்கா. கணக்குங்க."

"கணக்கா? பேப்பரு பேனா இல்லாமயா?"

"கணக்குல வர்ற பேருங்க. இங்கிலீசுல."

"அட, நான் என்னமோ காத்துக் கருப்பு அண்டிருச்சோன்னு இந்தப் பக்கமா நவுந்து உக்காந்தேன்," என்றவர், நகர்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கணிதத்தில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான். நுண்கணிதம் தெரியும், அணிக்கோவை தெரியும். எல்லாம் தமிழில் தெரியும். நான் போய்க்கொண்டிருந்த தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே வகுப்பறைக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது விதி. முதலில் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

அந்த வாரம் முழுக்க ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்ததை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குக் கோழிப்பண்ணையில் தீவனம் அரைக்கும் வேலை. மாலையில் வரும்போது புருவம், காது மடல் எல்லாம் மக்காச்சோள மாவு படிந்திருக்கும்.

"கணக்கு வாத்தியாருக்குப் படிச்சவன் மறுக்கா ஆறாவதுல இருந்து ஆரம்பிச்சிருக்கறான்," என்று அம்மாவிடம் சொன்னார். "இத மொதல்லயே இங்கிலீசுல படிச்சுத் தொலைச்சிருந்தா ஒரு தடவையோட முடிஞ்சிருக்குமல்ல?"

 அம்மாவும் அதே பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். பண்ணை முதலாளி, "படிச்ச பையன் சும்மா எதுக்குத் திரியறான், இங்க சூப்பர்வைசரா வந்து நிக்கட்டும்" என்று இருவரிடமும் சொல்லி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமைக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர்தான். வேலையும் கெட்ட வேலை இல்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் கை கட்டி நிற்கும் இடத்தில், அவர்களை வேலை ஏவுகிற ஆளாக நான் நிற்பதை நினைத்தாலே உட்கார்ந்த இடம் சுட்டது. பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டால் இல்லை என்ற சொல்லை மரியாதையாகச் சொல்லிவிடலாம். கிடைக்காவிட்டால் மறுப்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.

பள்ளி பெரியது. வாசலிலிருந்து கட்டடம் வரை நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என்னை அழைத்துப் போனவர் கணிதப் பிரிவின் பொறுப்பாசிரியை. நாற்பதைத் தாண்டியவர். விரல்களில் நீல மார்க்கர் கறை, முகத்தில் முந்தின நாள் களைப்பு. நடந்துகொண்டே, "ஆர்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ் எடுங்க சார். பசங்களுக்கு போட்மாஸ் ஏற்கனவே தெரியும். நீங்க ரிவிஷன் மாதிரி பண்ணுனாப் போதும்," என்றார்.

வகுப்புக்குள் நுழைந்ததும் சுவரில் அந்த அட்டை கண்ணில் பட்டது. ஆளுயரத்துக்குப் பளபளவென்று, பள்ளியின் சின்னத்தோடு அச்சடித்தது. அதில் ஒரு படிக்கட்டு. மேல் படியில் அடைப்புக்குறி, அடுத்ததில் ஆஃப், அதன்கீழ் வகுத்தல், பெருக்கல், பிறகு கூட்டல், கடைசிப் படியில் கழித்தல். ஒரு பொம்மைப் பையன் புத்தகப் பையோடு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கணக்கில் பல செயல்கள் கலந்து வந்தால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதற்கு அதுதான் போட்மாஸ் விதி. எனக்கும் ஊர்ப் பள்ளியில் இதே வரிசையைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எனக்குப் படிக்கட்டுப் படம் இல்லை, அவ்வளவுதான்.

பொறுப்பாசிரியை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் ஆரம்பித்தேன். பிள்ளைகள் பி ஃபார் பிராக்கெட் என்று தொடங்கி ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். 8 + 4 − 3 என்று எழுதினேன். முதலில் கூட்டல், பன்னிரண்டு. பிறகு கழித்தல், ஒன்பது. ஆங்கிலம் வந்தது. சம் வந்தது, டிஃபரன்ஸ் வந்தது. 12 × 6 ÷ 3 போட்டேன். முதலில் வகுத்தல், இரண்டு. பிறகு பெருக்கல், இருபத்து நான்கு. டிவிடெண்டும் டிவைசரும்கூட அவரவர் இடத்தில் வந்து நின்றார்கள். கடைசிப் பெஞ்சில் பேனா ஓடுவது தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி.

"சார், ரியல் லைஃப் எக்ஸாம்பிள் ஒண்ணு," என்றார் பொறுப்பாசிரியை.

அதை நான் தயார் செய்திருக்கவில்லை. கணக்கோடு வாழ்க்கையையும் கேட்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சற்றுமுன் இறங்கிய பேருந்து மட்டும்தான் மனதில் இருந்தது. ஒரு பேருந்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள், ஒரு நிறுத்தத்தில் நான்கு பேர் இறங்குகிறார்கள், மூன்று பேர் ஏறுகிறார்கள் என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொல்லி, பலகையில் எழுதினேன்.

10 − 4 + 3

"விச் ஒன் ஃபர்ஸ்ட்?"

"அடிஷன்!" என்றது வகுப்பு, படிக்கட்டைப் பார்த்து. நாலும் மூன்றும் ஏழு. பத்திலிருந்து ஏழு போக மூன்று. "த்ரீ சார்!" என்று முன்வரிசை கத்தியது. நானும் மார்க்கரை எடுத்து சமக்குறி போட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "நைன் சார்."

"ஹவ்?"

அவள் ஆங்கிலத்தில் தொடங்கினாள். த்ரீ மெம்பர்ஸ் கெட்டிங் இன் சார், ஒய் யூ... அதற்குமேல் வரவில்லை. வாயை மூடி மூடித் திறந்தாள். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த தவிப்பு. பிறகு பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டாள்.

"மூணு பேரு ஏறுனாங்கல்ல சார்? ஏறுனவங்களையும் சேத்திக் கண்டக்டர் எறக்கி உட்டுட்டாரா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"இங்கிலீஷ்!" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து பொறுப்பாசிரியையின் குரல் வந்தது.

அதற்குள் இன்னொரு பையன் எழுந்துவிட்டான். "சார், எங்க ஊரு ஸ்டாண்டுல யாரும் எறங்கவே உட மாட்டாங்க சார். வண்டி நிக்கறதுக்குள்ள ஜன்னல்ல துண்டப் போட்டு எடம் புடிச்சிட்டு, மொதல்ல ஏறிருவாங்க. அப்பறந்தான் எறங்கறதெல்லாம்."

"எங்கப்பா என்னயவே ஜன்னல் வழியாத் தூக்கி உள்ள போட்டாரு சார்!"

"பொய் சொல்றான் சார், இவன் ஜன்னல்ல நொழைய மாட்டான்!"

சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. நான் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பையன் சொன்ன மாதிரி முதலில் மூன்று பேர் ஏறட்டும். பதின்மூன்று. பிறகு நான்கு பேர் இறங்கட்டும். ஒன்பது. அந்தச் சிறுமி நினைத்த மாதிரி முதலில் நான்கு பேர் இறங்கட்டும். ஆறு. பிறகு மூன்று பேர் ஏறட்டும். ஒன்பது. எந்த ஊர் ஸ்டாண்டிலும், எந்த முரட்டுக் கூட்டத்திலும் அது ஒன்பதுதான். மூன்று பேர் மட்டும் மிச்சமிருக்கிற பேருந்து எங்குமே கிடையாது. ஏறியவர்களை இறங்கியவர்களோடு சேர்த்துக் கட்டித் தள்ளினால்தான் மூன்று வரும்.

 இது எனக்குத் தெரியாததல்ல என்பதுதான் விசித்திரம். கல்லூரியில் பக்கம் பக்கமாக இயற்கணிதம் போட்டிருக்கிறேன். அங்கே கூட்டலையும் கழித்தலையும் இடமிருந்து வலமாக, வருகிற வரிசையில் செய்துகொண்டு போனேன். விடை சரியாக வந்தது. சின்ன வயதில் ஒப்பித்த வரிசை தலைக்குள் வேறு ஒரு மூலையில் தனியாகக் கிடந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. இன்று முதல்முறையாக நேருக்கு நேர் வந்து நின்றன. அதுவும் மாதிரி வகுப்பில். அதுவும் ஆங்கிலத்தில்.

"சார், ஃபாலோ தி சார்ட்," என்றார் பொறுப்பாசிரியை. குரலில் கோபம் இல்லை. வழி தவறிய ஆளுக்கு வழி சொல்கிற குரல்தான்.

சமக்குறிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. மூன்று என்று எழுதினால் வகுப்பு முடியும். பண்ணைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். மார்க்கரைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொண்டுபோய் எடுத்தேன். அந்தச் சிறுமி இன்னும் உட்காரவில்லை. தன் விடை தப்பு என்று சொல்லப்படுவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்பது என்று எழுதினேன்.

எழுதிய பிறகு விளக்க வேண்டுமே. ஒரு வாரமாகப் பேருந்திலும் கொல்லையிலும் ஏற்றி வைத்த சொற்கள் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. அவை பெயர்கள்தான். பெயர்களை வைத்துக்கொண்டு ஏன் என்று சொல்ல முடியவில்லை. வாய் தமிழில் திறந்துகொண்டது.

"இந்தக் கழித்தல் குறி யாருக்குச் சொந்தம்? நாலுக்கு. நாலுக்கு மட்டும். மூணுக்கு முன்னாடி இருக்கறது கூட்டல். அது மூணோட குறி. நாம நாலையும் மூணையும் மொதல்ல கூட்டுனா, நாலோட குறியக் கொண்டுபோயி மூணு மேலயும் ஒட்டிடறோம். கூட்டலும் கழித்தலும் மேல் படி கீழ் படி இல்ல. ரெண்டும் ஒரே படி. ஒரே படியில நிக்கறவங்கள எப்படிக் கூப்புடுவோம்? இடப்பக்கத்துல இருந்து வரிசையா."

 ஒரு பையன் திரும்பி அட்டையைப் பார்த்தான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். பொறுப்பாசிரியை எழுந்து, "தேங்க் யூ சார், டைம் ஓவர்," என்றார்.

வராந்தாவில் அவர் தமிழுக்கு மாறினார். அசல் நாமக்கல் தமிழ்.

"ஏனுங் சார், செவுத்துல இருக்கறதத் தப்புங்கறீங்களா? அது எல்லா பிராஞ்சுக்கும் அடிச்சது."

"முழுசாத் தப்பில்லீங்க மேடம். கடைசி ரெண்டு படிதானுங்க."

"வகுத்தல் பெருக்கலும் அப்படித்தான போட்டிருக்குது? நீங்களே பன்னண்டு பெருக்கல் ஆறு வகுத்தல் மூணு போட்டீங்க. இருவத்தி நாலு. சரியாத்தான வந்துச்சு?"

கைப்பேசியின் கணிப்பானில் தட்டிப் பார்த்தார். இருபத்து நான்கு. எனக்குக் காட்டினார்.

"அங்க வகுத்தல முன்னாடி செஞ்சாலும் கெடாதுங்க மேடம். அதனாலதான் யாரும் சந்தேகப்படறதில்ல. எட்டுக் கூட்டல் நாலு கழித்தல் மூணும் கெடாது, அதுல கூட்டல் முன்னாடியே நிக்குதுங்க. கழித்தல் முன்னாடி வந்து கூட்டல் பின்னாடி வந்தா மட்டுந்தான் சிக்கல்."

அவர் 10 − 4 + 3 என்று தட்டினார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை எனக்குக் காட்டவில்லை. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "போன் பண்றோமுங்க," என்றார். போன் பண்றோம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று வேலை தேடிய எவருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் அப்பா, "என்ன சாமி, ஆச்சா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பேருந்து, பத்துப் பேர், இறங்கியவர்கள், ஏறியவர்கள், அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். முகம் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அந்தம்மா மூணுங்கறாங்க, நீ ஒம்பதுங்கற."

"ஆமாங்கப்பா."

"நடுவுல ஆறுன்னு பேசி முடிச்சிருக்கலாமல்ல?"

கிண்டல் செய்கிறாரா, நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மாட்டுச் சந்தையில் ஒரு காலத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர். "கணக்குல அப்படி முடியாதுங்கப்பா," என்றேன். "எங்கிட்ட வேணும்னா அப்படிச் சொல்லு, அந்தம்மாகிட்டச் சொன்னதுக்குத்தான் இப்படி வந்து உக்காந்திருக்கற," என்றார். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கைப்பேசியை மேசையில் வைத்தால் எடுக்கத் தோன்றியது, சட்டைப்பையில் வைத்தால் அது துடிப்பதுபோல் இருந்தது. பேசாமல் மூன்று என்று எழுதியிருக்கலாம். வேலையில் சேர்ந்த பிறகு மெல்லத் திருத்தியிருக்கலாம். இப்படி ஒரு மனம். அப்படிச் சேர்ந்திருந்தால் முதல் நாளே மூன்று என்று எழுதிய ஆள் எந்த வாயால் திருத்துவான் என்று இன்னொரு மனம். இரண்டுக்கும் நடுவில், ஆங்கிலத்தில் விளக்கத் தெரியாமல்தானே தமிழுக்குத் தாவினாய், உன்னை எடுக்காததற்கு அதுவே போதும் என்று மூன்றாவது ஒன்று. வீட்டில் உட்கார முடியாமல், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பண்ணைக்குப் போனேன். அப்பா தவிட்டு மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கைப்பேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அப்பாதான் என் சட்டைப்பையைக் காட்டினார்.

வெளியே ஓடி வந்து எடுத்தேன். பொறுப்பாசிரியை.

"சார், தாளாளர்கிட்டப் பேசிட்டேன். உங்கள எடுக்கலாம்னு இருக்கறோம். கிளாஸ்ல இங்கிலீஷ்தான் பேசோணும், அது மொதல் விசயம்."

"சரிங்க மேடம்."

"ரெண்டாவது, சார்ட்ட இந்த வருசம் மாத்த முடியாதுங்க. பேரன்ட்ஸ் கேள்வி கேப்பாங்க. நீங்க டெஸ்டுக்குக் கணக்கு எடுக்கறப்ப, ரெண்டு வழியில போட்டாலும் ஒரே விடை வர்ற மாதிரி எடுத்துருங்க. கூட்டல் முன்னாடி, கழித்தல் பின்னாடி. நீங்களே சொன்னீங்கல்ல, அதுல கெடாதுன்னு. யாருக்கும் சங்கடமில்ல பாருங்க."

சரிங்க மேடம் என்று சொல்வதற்கு வாய் திறந்துவிட்டது. எளிய ஏற்பாடு. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. தப்பு என்று எதுவுமே தாளில் இருக்காது. நான் படித்த பள்ளிக்கூடமும் அப்படித்தான் நடத்தியிருக்கும் என்று அப்போது பட்டது. கெடாத கணக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்து, நான் பட்டம் வாங்கும்வரைக்கும் அந்தப் படிக்கட்டை அசையாமல் வைத்திருந்தார்கள். தீவனக் கொட்டகையின் மறுபக்கத்துக்கு நடந்தேன். திரும்பி நடந்தேன்.

"சார்? லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறனுங்க மேடம். இங்கிலீஷ்ல பேசிப் பழகிக்கறனுங்க. சார்ட்டும் அங்கயே இருக்கட்டுங்க. ஆனா கழித்தல் முன்னாடி வர்ற கணக்கும் நான் எடுப்பேனுங்க. அத விட்டுட்டு எடுத்தா, பசங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கறது கடைசி வரைக்கும் நமக்கே தெரியாதுங்க மேடம்."

 அந்தப் பக்கம் யாரோ அவரை ஏதோ கேட்டார்கள், அவர் "இருங்க" என்றார். எனக்குச் சொன்னாரா அவர்களுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

"போன வாரம் நான் ஒரு டெஸ்டு வெச்சேனுங்க சார்," என்றார் பிறகு. குரல் தணிந்திருந்தது. "அதுல கழித்தல் முன்னாடி வர்றது ஒண்ணு இருந்துச்சு. சரியாப் போட்ட புள்ளைங்களுக்கெல்லாம் தப்புப் போட்டு வெச்சிருக்கறேன். எத்தன பேருன்னு எண்ணல."

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நானும் சமக்குறி வரைக்கும் போட்டவன்தானே.

"நாளைக்கு ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டெல்லாம் எடுத்துட்டு வந்துருங்க. கொஸ்டின் பேப்பர நீங்க எடுங்க, விடையும் நீங்களே போட்டுக் குடுங்க. யாராச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லோணும். நான் பக்கத்துல நிப்பேன், ஆனா பேச மாட்டேன். சரிங்களா?"

"சரிங்க மேடம்."

அப்பா கொட்டகை வாசலில் வந்து நின்றார். இயந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார்.

"என்னங்கறாங்க?"

"நாளைக்கு வரச் சொல்றாங்கப்பா."

"அப்ப மொதலாளிகிட்ட நான் சொல்லிரட்டுமா?"

"நானே போயிச் சொல்றனுங்கப்பா."

தலையாட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. "கெடச்சுருச்சல்ல? அப்பறம் எனத்துக்குச் சாமி இன்னும் இங்கயும் அங்கயும் நடந்துக்கிட்டே இருக்கற?"

நடந்துகொண்டிருக்கிறேன் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. நின்றேன். கொஞ்ச நேரம்தான். கூட்டலும் கழித்தலும் ஒரே படி என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பெற்றோர் யாராவது வந்து அட்டையைக் காட்டிக் கேட்டால் முதல் வாக்கியம் எதுவாக இருக்க வேண்டும்? வாய் மறுபடியும் முணுமுணுக்கத் தொடங்கியது. கால்களும் முதலாளியின் வீட்டுப் பக்கம் கிளம்பிவிட்டன.